பிரியாமல் நின்ற அணுக்கள்

அந்த வாரம் கள்ளக்குறிச்சியில் பஸ் சத்தமே இல்லை. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஊர்கள் முழுக்கச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. சேலம் ரோட்டில் இருந்த புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். சாய்ந்த மரங்கள் டெலிபோன் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்ததில் ஆஸ்பத்திரி போனும் செத்துக் கிடந்தது. ஏதோ கூட்டத்துக்காகக் கடலூர் போயிருந்த பெரிய டாக்டர் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு சின்ன டாக்டரம்மா, இரண்டு நர்ஸுகள், லேப்பில் நான். நாங்கள்தான் அப்போது அந்த அரசு ஆஸ்பத்திரி.

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மெஷின் ஒரு எண்ணைக் கொடுக்கிறது, நம் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது, எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். அதற்கு நேரான பதில் எனக்குத் தெரியாது. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் மெஷினும் கிடையாது. ஒரு மைக்ரோஸ்கோப், கொஞ்சம் சாயம், ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். ஆனால் ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்த்து இரண்டு விதமாகப் படிக்க முடியும் என்பதையும், அதில் ஒரு உயிர் தொங்க முடியும் என்பதையும் அந்த வாரத்தில் பார்த்தேன். அதைச் சொல்கிறேன். அந்தச் சின்ன டாக்டரம்மா என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நான் அண்ணாந்து பார்த்த டாக்டர்கள் சிலரில் முதல் ஆள் அவர்தான்.

முற்பகல் நேரம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின்னால் இருந்த டிரெய்லரில் கரும்புக்குப் பதிலாக வைக்கோல். வைக்கோல்மேல் ஒரு பெண் படுத்திருந்தாள். பக்கத்தில் கைக்குழந்தையோடு அவள் புருஷன். சுற்றி ஏழெட்டு ஆண்கள். ஓட்டி வந்தவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கரும்பு விவசாயி, பெயர் ஏழுமலை.

“சேலத்துலருந்து மெட்ராஸ் போற பஸ்ஸும்மா. தியாகதுருகம் தாண்டி நாங்க மரத்தப் போட்டு ஒக்காந்துக்கினு இருந்தோம். பஸ்ஸு நின்னுபோச்சு. நடந்தாவது போயிடலாம்னு இந்த ஆளு பொண்டாட்டி கையப் புடிச்சி இட்டுக்கினு வந்தாரு. நாலு அடி வெக்கல, அந்தப் பொண்ணு அப்படியே சாஞ்சிடுச்சி. எங்களுக்கு மனசு கேக்கல. வயலு வழியா சுத்திக்கினு வந்து சேந்தோம்.”

புருஷனின் பெயர் கரியராமன். கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு சின்னக் குடியிருப்பு. மனைவி பச்சையம்மா. மூன்றாவது பிள்ளை பிறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அதிலிருந்தே அவளுக்குச் சோர்வு, மூச்சு வாங்கல், எதைத் தின்றாலும் நாக்கு எரிச்சல். கடைசியில் சேலத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே ஒரு டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ரத்தப் புற்றுநோய் மாதிரித் தெரிகிறது, தாமதிக்காமல் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ‘மாதிரி’ என்றுதான் சொன்னார். சந்தேகம் என்றால் பெரிய இடத்துக்கு அனுப்புவதுதான் முறை.

ஆனால் கரியராமனின் காதில் அந்த ‘மாதிரி’ விழவே இல்லை.

“புத்துநோயின்னு சொல்லிட்டாங்கம்மா,” என்றார் என்னிடம். “மெட்ராஸு போனா பொழச்சிக்குமா?”

பச்சையம்மாவின் விரல் நுனியில் ஊசி குத்தினேன். வந்த சொட்டு, தண்ணீரில் கரைத்த சிவப்பு மை போல வெளுத்திருந்தது. பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் மூன்றைத் தொடவில்லை. அந்த அளவில் ஒருவர் பேசுவதே பெரிது. அவளோ குழந்தையைக் கொடுங்கள் பால் கொடுக்கணும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்லைடைச் சாயம் ஏற்றி வைத்துப் பார்த்தேன். வெள்ளையணுக்கள் கம்மி. ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் கம்மி. இருக்கிற சிவப்பணுக்கள் ஊதிப்போய் முட்டை வடிவத்தில். நடுநடுவே பெரிய பெரிய இளம் அணுக்கள், எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரவே கூடாதவை, வெளிறிய பெரிய கருவோடு உட்கார்ந்திருந்தன. சேலத்து டாக்டருக்குத் தோன்றியதேதான் எனக்கும் தோன்றியது. போய்ச் சொன்னேன். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு ஓடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஒல்லியான உருவம், கையில் அப்பாவின் பெரிய கடிகாரம். நான் அந்தப் பெரிய அணுக்கள் இருந்த இடத்தைக் காட்டப்போனேன். அவர் என் கையைத் தடுத்தார்.

“பயமுறுத்துறவங்கள அப்புறம் பாப்போம்க்கா. சாதாரணமா இருக்கறவங்கள முதல்ல பாத்துருவோம்.”

ஸ்லைடின் ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்தினார். வெளியே டிராக்டர் ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், குழந்தை அழுதது, நர்ஸ் இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் போனார். அவர் தலையைத் தூக்கவில்லை. அப்புறம் என்னைப் பார்க்கச் சொன்னார். மிகச் சாதாரணமான ஒரு வெள்ளையணு. அதன் கரு மூன்று நான்கு மடலாக இருக்க வேண்டும். இதில் ஆறு. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதிலும் ஆறு.

அதைப் பார்த்ததும் அவர் எழுந்து நேராக நோயாளியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். நாக்கை நீட்டச் சொன்னார். தேய்த்துக் கழுவியது போல மொழுமொழுவென்று செக்கச் சிவப்பாக இருந்தது. கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு காலைத் தொட்டு, “இங்க தொடறது தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியிது. ஆனா மதமதன்னு கீதும்மா. துணி சுத்தின காலாட்டம்,” என்றாள் பச்சையம்மா.

கடைசியாகக் குழந்தையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அது கொழுகொழுவென்று இருந்தது. அவருடைய கடிகாரத்தைப் பிடித்து இழுத்தது.

“அக்கா,” என்று என்னைத் தனியே கூப்பிட்டார். “இந்தப் பிள்ளை அம்மாவோட கையிருப்பெல்லாம் பால்லயே வாங்கிருச்சு. இது கேன்சர் இல்லன்னு நினைக்கிறேன். கரு ஆறு மடலாகறது பெரும்பாலும் சத்துக் குறைச்சல்லதான். அணுக்களுக்குப் பிரியறதுக்குச் சரக்கு இல்ல.”

உங்களுக்கு இது பாடத்தில் வந்திருக்கும். இருந்தாலும் அன்று அவர் அந்த வார்டு ஜன்னலோரம் நின்று எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் எந்த ஸ்லைடையும் பழைய கண்ணால் பார்க்கவில்லை. ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால், தன் கருவுக்குள் இருக்கும் மரபு இழை முழுவதையும் முதலில் இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். எடுத்து முடித்ததா, பிழை இல்லாமல் இருக்கிறதா என்று அதுவே பார்த்துக்கொள்கிறது. முடியவில்லை என்றால் பிரியாமல் நின்றுவிடுகிறது. அரைகுறை இழையோடு ஒரு பிள்ளை அணுவை வெளியே அனுப்பாது. அந்த இழையை உண்டாக்க ஃபோலிக் அமிலமும் பி12 என்கிற வைட்டமினும் வேண்டும். அவை தீர்ந்தால், உடம்பில் எங்கெல்லாம் அணுக்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அங்கெல்லாம் வேலை நிற்கும். முதலில் எலும்பு மஜ்ஜை, அடுத்து நாக்கும் குடலும். அணுவின் உடல் பகுதி வளர்ந்துகொண்டே போகும், கரு மட்டும் இளசாகவே தங்கிவிடும். அதனால்தான் அந்த ஊதிப்போன அணுக்கள். புற்றுநோய் இதற்கு நேர் எதிர். அங்கே நிறுத்திப் பார்க்கிற அந்த வேலை கெட்டுப்போய், அணுக்கள் நிற்காமல் பிரிந்துகொண்டே இருக்கும். ஒன்று பிரிய முடியாத நோய், மற்றது நிற்கத் தெரியாத நோய். ஆனால் அவசரமாகப் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒரே முகம்.

“நிச்சயமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. மஜ்ஜையை எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயம். அதுக்கு ஊசி இங்க இல்ல. மருந்து குடுத்துட்டா ரெண்டொரு நாள்ல மஜ்ஜையோட முகமே மாறிரும். பெரிய ஆஸ்பத்திரியில அப்புறம் எடுத்தா, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு சொல்ல அவங்களுக்கும் கஷ்டம்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா ரோடு எப்ப திறக்கும்னு யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் நிச்சயத்துக்காக இவங்களக் காக்க வைக்க முடியாது.”

இது நடந்துகொண்டிருந்தபோது வெளியே வேறு ஒன்று கிளம்பிவிட்டது. ரத்தம் மூன்றுக்குக் கீழே இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஏழுமலையும் கூட வந்தவர்களும் சட்டைக் கையை மடித்துவிட்டு லேப் வாசலில் வந்து நின்றார்கள்.

“எங்க ரத்தத்த எடுத்துக்கோங்கம்மா. எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோங்க. எட்டு பேர் கீறோம்.”

டாக்டரம்மா வெளியே வந்து, “இப்ப ரத்தம் ஏத்த வேண்டாம்,” என்றார்.

அந்த வார்த்தை அங்கே எப்படி விழுந்திருக்கும் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். ராப்பகலாக ரோட்டிலேயே கிடந்து வெயிலில் கறுத்துப்போன ஆட்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு செய்தி வந்துகொண்டிருந்த நேரம். எல்லோருக்கும் உள்ளே ஒரு கொதிப்பு. ஏழுமலையின் முகம் மாறியது.

“இன்னாம்மா சொல்றீங்க? ரத்தம் இல்லாம ஒரு பொம்பள செத்துக்கினு கெடக்குது. நாங்க எட்டு பேரு கைய நீட்டிக்கினு நிக்கறோம். வேணான்றீங்க. எங்க ரத்தம் ஆவாதா? எங்க வூட்டுப் பசங்களும் உன்ன மாதிரி டாக்டருக்குப் படிக்கணும்னுதாம்மா நாங்க ரோட்டுல கெடக்கறோம். எங்க ரத்தத்தையே வேணான்னு சொன்னா எப்படி?”

பின்னால் இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். கரியராமன் சுவரில் சாய்ந்தபடி ஏழுமலையையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு அடி முன்னால் வந்து நின்றார்.

“அண்ணே, எங்க அம்மா ரத்தமா இருந்தாலும் இப்ப வேண்டாம்னுதான் சொல்வேன். கேளுங்க. இவங்களுக்கு ரத்தம் குறைஞ்சது நேத்து இன்னைக்கு இல்ல. மாசக்கணக்கா குறைஞ்சு குறைஞ்சு வந்து, இதயம் அதுக்குப் பழகி ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப ஒரு பாட்டில் ரத்தத்தச் சடார்னு உள்ள விட்டா, அந்தப் பாரத்தத் தாங்காம இதயம் நின்னுரலாம். அதுதான் எனக்குப் பயம்.”

“அப்போ சும்மா வுட்டுட்டு பாத்துக்கினு இருக்கறதா?”

“சும்மா இல்ல. ரத்தம் பிறக்கற இடம் எலும்புக்குள்ள இருக்கு. அங்க அணுக்கள் இருக்கு, வளருது. ஒண்ணு ரெண்டா ஆகத்தான் முடியல. அதுக்கு வேண்டிய சத்து தீந்துபோச்சு. அந்தச் சத்தக் குடுத்தா அவங்க உடம்பே ரத்தத்த உண்டாக்கும்.”

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, “கரும்பு தூர் கட்டாம, பக்கத்துல முளை வுடாம, ஒத்தத் தண்டா நிக்கறாப்பலயா?” என்றார்.

“அப்படித்தான்.”

“அதுக்கு சத்து போட்டா தூர் வெடிக்கும். ஆனா போட்ட அன்னிக்கே வெடிக்காது.”

“இதுவும் அன்னைக்கே வெடிக்காது. நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் எனக்கு உங்க உதவி வேணும். அக்கா உங்க எல்லாருக்கும் ரத்தம் பாப்பாங்க. பொருந்தறவங்க ரெண்டு பேர் மட்டும் ஆஸ்பத்திரிய விட்டுப் போகாம இருக்கணும். இவங்களுக்கு மூச்சுத் திணற ஆரம்பிச்சா, அந்த நிமிஷமே கொஞ்சமா எடுத்துச் சொட்டுச் சொட்டா ஏத்துவேன். அப்புறம் இளநீ வேணும். நிறைய வேணும்.”

“இளநியா?”

“மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சதும் புது அணுக்கள் உடம்புல இருக்கற ஒரு உப்பை மொத்தமா இழுத்துக்கும். அது குறைஞ்சா இதயத்துக்கு ஆபத்து. இளநீயில அந்த உப்பு இருக்கு.”

ஒரு கூட்டத்தின் கோபத்தை யாராவது இவ்வளவு சீக்கிரம் வேலையாக மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. அவர்கள் வரிசையாக உட்கார்ந்து கை நீட்டினார்கள். நான் எல்லோருக்கும் பார்த்தேன். ஏழுமலைக்கும், நெடுநெடுவென்று இருந்த இன்னொருவருக்கும் பொருந்தியது. மற்றவர்கள் இளநீர் தேடிப் போனார்கள்.

அதற்குள் நர்ஸ் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரையைக் கொண்டுவந்திருந்தார். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது, எங்களிடம் டப்பா டப்பாவாக இருந்தது. வாயில் போடப்போகும்போது டாக்டரம்மா தடுத்தார்.

“இப்ப வேண்டாம் சிஸ்டர். கால் மதமதங்குது. பி12-ம் இல்லாம இருக்கலாம். இத மட்டும் முதல்ல குடுத்தா ரத்தம் ஏறும், நரம்பு போயிரும். பி12 ஊசியப் போட்டுட்டுத்தான் மாத்திரை.”

அந்த ஊசி எங்களிடம் தீர்ந்திருந்தது. மெடிக்கல் ஷாப்புகள் எல்லாம் அடைப்பு. மருந்து கையில் இருக்கிறது, நோயாளி வாயைத் திறந்துகொண்டிருக்கிறாள், எல்லோரும் பார்க்கிறார்கள், அப்போது ‘கொடுக்காதே’ என்று சொல்வது எத்தனை கஷ்டம் என்பது உங்களுக்கும் ஒருநாள் தெரியவரும். அன்று காலையிலிருந்து அவர் வேண்டாம் என்று சொன்னது இது இரண்டாவது தடவை. கரியராமன் என் பக்கம் வந்து, “இன்னாம்மா, ரத்தமும் வேணாங்கறாங்க, மாத்திரையும் வேணாங்கறாங்க,” என்றார். நான், “அவங்க பாத்துக்குவாங்க,” என்றேன். எனக்கே அதில் முழு நம்பிக்கை வந்திருக்கவில்லை.

ஏழுமலைதான் கடைக்காரர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். மறியல் ஆட்களை மீறித் திறந்தால் பிரச்சினை வருமே என்று கடைக்காரர் தயங்கினாராம். “கடைய மூடச் சொன்னதே நாங்கதான். நானே சொல்றேன், தெற,” என்று சொல்லி, கூடவே நின்று வாங்கிவந்தார். ஜனங்கள் சத்து ஊசி என்று சொல்வார்களே, அந்தச் சிவப்பு நிற மருந்துதான். டாக்டரம்மா தானே ஊசியைப் போட்டார். அதன் பிறகு மாத்திரை கொடுத்தார்.

போட்டுவிட்டு லேப்புக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“அக்கா, நான் தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தா இந்த ஊசி அவளக் கொல்லுமா டாக்டர்?”

“கொல்லாது. நாள்தான் போகும்.”

“ரோடு இல்லாத நாள் எப்படியும் போகத்தான் போகுது.”

அவர் சிரித்தார்.

அதன் பிறகான நாட்களில் நாங்கள் செய்தது காத்திருப்பது மட்டும்தான். அவசரத்தில் ஓடுவதைப் பற்றி எல்லோரும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். காத்திருப்பதற்கு அதைவிடத் தைரியம் வேண்டும் என்பதை அவரிடம் பார்த்தேன். மணிக்கொரு தடவை வந்து பச்சையம்மாவின் கழுத்து நரம்பைப் பார்ப்பார், முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார், போவார். ஏழுமலையும் அந்த நெட்டையானவரும் வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். மறியலுக்கு வா என்று ஆள் வந்து கூப்பிட்டபோது, “நான் இங்க டூட்டில கீறேன்,” என்று திருப்பி அனுப்பினார் ஏழுமலை. ஒரு தடவை பச்சையம்மாவுக்கு மூச்சு வேகமானது. டாக்டரம்மா ஏழுமலையை உள்ளே கூப்பிட்டுப் படுக்கவைத்தார். நான் பாட்டிலைத் தயாராக வைத்தேன். அவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். தலையணையை உயர்த்தி உட்காரவைத்தார். மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. “எழுந்திருங்கண்ணே, வேண்டாம்,” என்றார். ஏழுமலை பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கொடுக்காமல் போனதில் வருத்தமா நிம்மதியா என்று சொல்ல முடியவில்லை.

முதல் செய்தி ஸ்லைடிலிருந்து வரவில்லை. ஒரு காலையில் வார்டில் சண்டைச் சத்தம். பதறிப்போய் ஓடினேன். பச்சையம்மா புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னாய்யா, எளநி எளநின்னு தண்ணியாவே ஊத்திக்கினு கீற. மனுசி பசிச்சிக் கெடக்கறது தெரியலியா? சோறு இல்லியா இந்த ஊர்ல?”

கரியராமன் திட்டு வாங்கிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். மாதக்கணக்கில் சோறு என்ற பேச்சையே எடுக்காதவள். நர்ஸ் சிரித்துக்கொண்டே தன் வீட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஆனால் டாக்டரம்மா முகத்தில் சிரிப்பு வரவில்லை. “பசி நல்லதுதான். ஸ்லைடு சொல்லட்டும்,” என்றார்.

நான் தினமும் பார்த்து வந்தேன். அப்போதுதான் மஜ்ஜையிலிருந்து வெளியே வந்த சிவப்பணுக்களைத் தனியாகக் கண்டுபிடிக்க ஒரு நீலச் சாயம் இருக்கிறது. அதில் அந்தக் குஞ்சு அணுக்களின் வயிற்றில் மட்டும் சின்ன வலை போட்டது போல நீலக் கோடுகள் தெரியும். முதல் நாட்களில் தேடித் தேடிப் பார்த்தாலும் ஒன்றிரண்டுகூடத் தேறாது. பச்சையம்மா சோறு கேட்டதற்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ, ஸ்லைடை வைத்து ஃபோகஸ் செய்தேன். எங்கே நகர்த்தினாலும் நீல வலை. மஜ்ஜை முழுக்கக் கதவைத் திறந்துவிட்டது போலக் கும்பல் கும்பலாக. அத்தனை நாள் பிரதி எடுக்கச் சரக்கில்லாமல் காத்து நின்ற அணுக்கள், சரக்கு வந்ததும் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி வந்துகொண்டிருந்தன. கெட்டுப்போகாமல் காத்திருந்தன பாருங்கள், அந்த ஒழுங்கை நினைத்து இன்றும் எனக்கு வியப்புத் தீரவில்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். பார்த்தார். கண்ணை எடுக்காமலே, “எண்ணினீங்களா?” என்றார். “எண்ண முடியல டாக்டர், கண்ணுல தண்ணி,” என்றேன். “எனக்கும்,” என்றார்.

பச்சையம்மா முழுதாகத் தேறி மலைக்குப் போக இன்னும் சில வாரங்கள் ஆயின. கால் மதமதப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஏழுமலை ரோடு திறந்த அன்றே டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டாக்டரம்மா மேற்படிப்புக்குப் போனவர் எங்கள் பக்கம் திரும்பி வரவில்லை. அதெல்லாம் அப்புறம் நடந்தவை. அந்த ஸ்லைடுக்கு மறுநாள் காலையில் நடந்ததோடு இதை முடிக்கிறேன்.

மரங்களை அறுத்து ஓரத்தில் தள்ளிவிட்டார்கள். பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. கரியராமன் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு லேப் வாசலில் வந்து நின்றார். பச்சையம்மா சுவரைப் பிடித்து மெல்ல நடந்து கூடவே வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை.

“மெட்ராஸ் பஸ்ஸு வந்துக்கினு கீதாம்மா. சேலத்து டாக்டர் போவச் சொன்னாரு. பெரிய டாக்டரு. போறதா, இருக்கறதா, ஒண்ணும் வெளங்கல.”

டாக்டரம்மா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று நெஞ்சை நிமிர்த்தவும் இல்லை.

“அவர் சொன்னது நல்லதுக்குத்தான். நீங்க போகணும்னா நானே பஸ் ஏத்தி விடறேன். ஆனா என்னைக் கேட்டா, இன்னும் ஒரு வாரம் இருங்க. ரத்தம் ஏறிக்கிட்டே போச்சுன்னா மெட்ராஸ் தேவையில்ல. எங்கயாவது நின்னுபோச்சுன்னா, நானும் உங்ககூட மெட்ராஸ் வர்றேன்.”

கரியராமன் மூட்டையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

பச்சையம்மா என் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தாள். “இதுலதான் எந்நேரமும் குனிஞ்சி பாத்துக்கினு இருக்கீங்க. இன்னாதான் தெரியிது?” என்றாள்.

முந்தின நாள் ஸ்லைடு அதிலேயே இருந்தது. குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னேன். முதலில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அப்படியே அசையாமல் இருந்தாள்.

“வட்ட வட்டமா தெரியிது. வயித்துக்குள்ள நீலமா ஏதோ கோடு.”

“அதெல்லாம் உன் ரத்தம்மா.”

“இத்தினி பேருமா?”

“இத்தினி பேரும்.”

“இவங்கல்லாம் எப்ப வந்தாங்க?”

“இப்பதாம்மா. ரெண்டு மூணு நாளைக்குள்ள பொறந்தவங்க.”

அவள் கண்ணை எடுக்கவில்லை. தெருவில் மெட்ராஸ் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. கரியராமன் அவசரமாக, “பச்சி, பஸ்ஸு வந்துடுச்சு. இன்னா செய்யலாம், சொல்லு,” என்றார்.

பச்சையம்மா திரும்பாமலே சொன்னாள்:

“நீ வேணும்னா போயி மெட்ராஸப் பாத்துக்கினு வாய்யா. எனக்கு இங்க ஆளுங்க வந்துக்கினு கீறாங்க.”